பதினான்காம் எண் வில்லை

மகரத்தீவு கேளிக்கைப் பூங்காவை ஊருக்குத் திறந்துவிட இன்னும் ஒரு நாள் இருந்தது. தென்காசிச் சாலையோரம் மூன்று வருஷமாகத் தகரத் தடுப்புக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்த அதை எட்டிப் பார்க்க ஆசைப்படாத பிள்ளை அந்த வட்டாரத்தில் கிடையாது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் ஊழியர்களின் குடும்பங்களை மட்டும் உள்ளே விட்டார்கள். அதுவரை ராட்டினங்களில் மணல் மூட்டைகள்தான் சவாரி செய்துகொண்டிருந்தன. மணல் மூட்டை கத்தாது, வாந்தி எடுக்காது. மனிதர்களை ஏற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க, சொந்தக்காரர்களின் பிள்ளைகளைவிடத் தோதானவர்கள் யார்?

பிள்ளைகளுக்கென்று ஒரு புதையல் வேட்டையும் வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு வரைபடம், பூங்கா முழுக்க ஒளித்துவைத்த பித்தளைக் காசுகள். மகர மீன் முத்திரை குத்திய ஐந்து காசுகளை இரண்டு மணிக்குள் கலங்கரை விளக்கத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் குழுவுக்கு, மறுநாள் திறப்பு விழாவில் முதல் படகு. பேண்டு வாத்தியம், பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள் எல்லாம் அந்தப் படகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

பூங்கனிக்கு அந்தப் படகு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் குழுவில் இன்னும் இரண்டு பேர். ஒருத்தி, மேலப்பாளையத்திலிருந்து குடிவந்த ரிஸ்வானா. பூங்கனியும் அவளும் ஒரே பெஞ்சு, ஒரே தெரு. இன்னொருவன் பூங்காவின் தோட்டக்காரர் மகன் ஜெபசிங். வரைபடத்தை வாசிப்பதில் கெட்டிக்காரன். வாயை மூடுவதில் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை.

மூவரும் காலையிலிருந்து கொள்ளைக்காரர் கப்பலின் பாய்மரத்தில் ஏறினார்கள், முதலைக் குட்டையில் முழங்கால் அளவு இறங்கினார்கள், கண்ணாடி மாளிகையில் இருபது நிமிஷம் தொலைந்துபோனார்கள். நான்கு காசுகள் சேர்ந்துவிட்டன. ஐந்தாவது மட்டும் கிடைக்கவில்லை.

"மலைக்குப் பின்னால தண்ணி விழுத இடம்னு போட்டிருக்கு," என்றான் ஜெபசிங். "நீலச் சட்டைக்காரனுவளுக்கும் ஒண்ணுதான் பாக்கி. இப்பத்தான் அந்தப் பக்கம் ஓடுனானுவ."

"அப்பம் நிக்காத, நட," என்றாள் பூங்கனி.

மலை என்றால் கம்பியும் சிமெண்டும் வைத்துக் கட்டிய மலை. பூங்காவின் பெரிய சவாரியான பாதாள ஓடை அதற்குள்தான் ஓடுகிறது. படகுகளைச் சங்கிலி உச்சிக்கு இழுத்துச் செல்லும். அங்கிருந்து அவை செங்குத்தான வாய்க்கால் வழியே கீழே குளத்தில் வந்து விழும். பூங்கனியின் அப்பா குமரேசன்தான் அதை ஓட்டுகிறவர். குளத்துக்கு அக்கரையில், கண்ணாடி அறைக்குள் அவருடைய நாற்காலி.

மூவரும் மலையைச் சுற்றி வந்தபோது, 'ஊழியர் மட்டும்' என்று எழுதிய கயிறு ஒன்று குறுக்கே தொங்கியது. ஜெபசிங் நின்றான். பூங்கனி நிற்கவில்லை, குனிந்து நுழைந்துவிட்டாள். மற்ற இருவரும் பாறை இடுக்குகளில் தேட, அவள் குளத்தோரம் ஓர் இரும்புக் கதவருகே போனாள். பக்கத்தில் ஒரு பலகை. அதில் வரிசையாகக் கொக்கிகள். எல்லாம் காலி. ஒன்றில் மட்டும் ஒரு பித்தளை வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. அதிலும் மகர மீன் முத்திரை.

புதையல் காசு அல்ல அது. திருப்பிப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பின்பக்கம் பதினான்கு என்று எண் குத்தியிருந்தது. காசுகளில் எண் கிடையாது.

அது என்னவென்றும் அவளுக்குத் தெரியும். அந்தக் கதவு வழியே சங்கிலிக் குழிக்குள் வேலைக்கு இறங்குகிறவர் தன் வில்லையைக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். ஏறி வந்ததும் மாட்டியவரே எடுக்க வேண்டும். கொக்கி காலியானால்தான் அப்பா விசையைத் தொடுவார். இதைச் சாப்பாட்டு நேரத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறாள். ஆனால் முந்தின நாள் அப்பா சொன்ன இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: "பாதிப் பேரு வில்லையை மறந்து தொங்கவிட்டுட்டுச் சாப்பிடப் போயிருதான்." இப்போது மணி ஒன்றேகால். யாரோ மறந்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பூங்கனி வில்லையைக் கழற்றினாள். எண் இருந்த பக்கம் உள்ளங்கையில் படும்படி மடக்கிக்கொண்டாள்.

"கெடச்சிட்டு," என்று கத்தியபோது அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

ரிஸ்வானா ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். பூங்கனியும் குதித்தாள், ஆனால் கையை விரிக்கவில்லை.

கலங்கரை விளக்கம் ஒரு மேட்டின்மேல் இருந்தது. மூச்சிரைக்க ஏறினார்கள். நீலச் சட்டைக் குழுவை இன்னும் காணவில்லை. பாதி மேட்டில் ரிஸ்வானா திரும்பி, மலையைக் கண்ணால் துழாவினாள்.

"வாப்பா பாத்தா எவ்வளவு சந்தோசப்படும் தெரியுமா? சோறு கொண்டுட்டுப் போனேன், வேண்டாம்னுட்டு. சங்கிலிக்குக் கிரீஸ் போட்டு முடிச்சிட்டுத்தான் திங்குமாம். குழிக்குள்ள எறங்கிட்டு."

பூங்கனியின் கால்கள் அப்படியே நின்றன.

"ஒங்க வாப்பா நம்பர் என்ன?"

"எந்த நம்பரு?"

"வில்லை நம்பரு. சொல்லுட்டி."

"பதினாலு. ஏன் கேக்க?"

அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. பாதாள ஓடையின் சங்கு. சவாரி கிளம்புமுன் மூன்று முறை ஊதும். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே இரண்டே நிமிஷம். மூன்றாவது முடிந்ததும் சங்கிலி ஓடும். கொக்கி எப்போது காலியாகும் என்று அப்பா அங்கே காத்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ரிஸ்வானாவின் வாப்பா மைதீன் மாமா ஏறிப் போய்விட்டார் என்று நினைத்து, அப்பா தன் கையாலேயே...

அவள் உள்ளங்கையை விரித்தாள். "இது காசு இல்ல ரிஸ்வானா. பலகையில தொங்குன வில்லை. நான் எடுத்துட்டேன்."

ரிஸ்வானா கத்தவில்லை, அழவில்லை. எண்ணைப் பார்த்தாள், பூங்கனியின் முகத்தைப் பார்த்தாள், திரும்பி ஓடத் தொடங்கினாள். பூங்கனிக்கு அவள் ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

"லேய் ஜெபசிங், நீ ரோட்டு வழியா அப்பா ரூமுக்கு ஓடு. போயிக் கதவத் தட்டு," என்றாள். "நாங்க பாலத்து வழியாப் போறோம்."

"பாலம் இன்னும் முடியலட்டி, பலகை கெடையாது."

"ரோட்டுல போனா நேரம் காணாது."

மேட்டிலிருந்து மலையுச்சிக்கு ஒரு தொங்கு பாலம் இருந்தது. முக்கால் தூரத்துக்குப் பலகை அடித்திருந்தார்கள். மீதிக்கு வெறும் கயிறுகள். ரிஸ்வானா முன்னால், பூங்கனி பின்னால். பாலம் இரண்டு பக்கமும் ஆடியது. பலகைகள் முடிந்த இடத்தில் ரிஸ்வானா கீழ்க்கயிற்றில் காலை வைத்து, மேல்கயிற்றைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்ந்தாள். நான்காவது எட்டில் கால் வழுக்கியது. ஒரு கையில் தொங்கினாள்.

இரண்டாவது சங்கு ஊதியது.

பூங்கனி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்துக் கயிற்றோடு சேர்த்தாள். ரிஸ்வானாவின் கால் மறுபடியும் கயிற்றில் ஊன்றியது. இரண்டு கைகளாலும் கயிற்றைக் கட்டிக்கொண்டாள்.

"என்னய விடு," என்றாள். "நான் பிடிச்சுக்கிடுவேன். நீ போ. வில்லை ஒன்ட்டதான இருக்கு."

பூங்கனி வில்லையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பித்தளையும் கிரீஸும் நாக்கில் கசந்தன. கயிற்றைத் தாண்டி மலையுச்சியில் குதித்தபோது, கீழே குளமும் அக்கரையில் கண்ணாடி அறையும் தெரிந்தன. உள்ளே அப்பா. "அப்பா" என்று கத்தினாள். அருவியின் பம்பு இரைச்சலில் அது அவள் காதுக்கே எட்டவில்லை. படிக்கட்டோ மலையின் மறுபக்கம். குளத்துக்கு நேர்வழி ஒன்றுதான், படகு விழும் வாய்க்கால்.

யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தால் இறங்கியிருக்கவும் மாட்டாள். உட்கார்ந்தாள், கையை விட்டாள். பாசி பிடிக்காத புதுச் சிமெண்டு முழங்கையைத் தேய்த்தது, முதுகைத் தேய்த்தது. வானமும் பாறையும் தலைகீழாக ஓடின. அடுத்த நொடி குளத்தில் விழுந்து, தண்ணீரைக் குடித்து, மூக்கில் ஏற்றிக்கொண்டு, கழுத்தளவு நீரில் எழுந்தாள். பல்லில் வில்லை இருந்தது.

மூன்றாவது சங்கு ஊத ஆரம்பித்தது.

அவள் கரையைப் பற்றி ஏறினாள். பலகையை நோக்கி ஓடினாள். ஈரக் கையில் வழுக்கிய வில்லையின் ஓட்டைக்குள் கொக்கி நுழைய மறுத்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாம் தடவை மாட்டியது. திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள்.

குமரேசனுக்கு ஒரு பழக்கம். மூன்று சங்கும் முடிந்து, விசையில் கை வைத்த பிறகும் ஒரு தடவை பலகையை நிமிர்ந்து பார்ப்பார். மற்றவர்கள் அதற்காக அவரைக் கேலி செய்வதுண்டு. அன்றும் பார்த்தார். பலகையில் வில்லை தொங்கியது. பக்கத்தில் சொட்டச் சொட்ட அவருடைய மகள் நின்றாள்.

அவருடைய கை விசையிலிருந்து விலகுவதைப் பூங்கனி அக்கரையிலிருந்தே கண்டாள். அப்புறம் பலகைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் அங்கே ஒரு கூட்டமே கூடிவிட்டது. குமரேசன் ஓடிவந்தார், தலைமை எஞ்சினியர் வந்தார், ஜெபசிங் வந்தான். படிக்கட்டு வழியே ரிஸ்வானா இறங்கி வந்தாள், இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்திருந்தது. கடைசியில் இரும்புக் கதவைத் திறந்துகொண்டு, தலை முதல் கால்வரை கிரீஸோடு மைதீன் ஏறி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, எல்லாரும் கூடிட்டிய?" என்றார். ரிஸ்வானா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

விஷயத்தைக் கூட்டமே ஒருவாறு கோத்துக்கொண்டது. வில்லை தொங்குவதை ஓட்டுநர் கவனிக்கவில்லை, சங்கு ஊதிவிட்டார். அதைப் பார்த்த சிறுமி மலையுச்சியிலிருந்து உயிரைப் பணயம் வைத்துக் குதித்து வந்து தடுத்திருக்கிறாள். யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். "காசு எண்ணிக்கையெல்லாம் வேண்டாம், நாளைக்கு முதல் படகு இந்தப் பிள்ளைக்குத்தான்," என்றார் எஞ்சினியர். ஒருவர் துண்டைக் கொண்டுவந்து அவள் தோளில் போர்த்தினார்.

பூங்கனி கனவு கண்டது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. அவளுக்கோ அந்தத் துண்டு உடம்பைச் சுட்டது. கைதட்டல் ஒவ்வொன்றும் தன் கன்னத்தில் விழுவதாக உணர்ந்தாள்.

கை தட்டாத ஒருவர் அவளுடைய அப்பா. அவர் எஞ்சினியர் முன்னால் தலைகுனிந்து நின்றார்.

"மூணு தடவ பாத்தேன் சார். மூணு தடவயும் கொக்கி காலியாத்தான் தெரிஞ்சுது. என் கண்ணே என்னய ஏமாத்திட்டு. இனி அந்த நாற்காலில நான் உக்காரக் கூடாது. வேற ஆளப் போடுங்க."

எஞ்சினியர் சரி என்பதுபோல் மெதுவாகத் தலையாட்டினார். ஜெபசிங் தரையைப் பார்த்தான். ரிஸ்வானா மட்டும் வாப்பாவின் இடுப்பை விடாமல் பூங்கனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறக்க மாட்டாள் என்று பூங்கனிக்குத் தெரியும். சும்மா நின்றால் போதும். நாளைக்குப் படகு, பேண்டு, கேமரா.

"நீங்க பாத்தது சரிதான் அப்பா," என்றாள் பூங்கனி. "கொக்கி காலியாத்தான் இருந்துச்சு. வில்லையை நான் எடுத்துட்டேன். புதையல் காசுன்னு காட்டுறதுக்கு."

துண்டைப் போர்த்தியவர் ஓர் எட்டு பின்வாங்கினார்.

"அப்பம் நான் சரியாத்தான் பாத்திருக்கேன்," என்றார் குமரேசன். அந்த நிம்மதி அவர் முகத்தில் நொடி நேரம்கூட நிலைக்கவில்லை. "அது என்னன்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா எடுத்தே?"

"சாப்பிடப் போயிருப்பாங்கன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்."

அப்பா அடிக்கவில்லை. மைதீன்தான் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி பேசினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"மூணு சங்கும் எனக்குக் கேட்டுது தாயி. எந்திரிக்கவே இல்ல. வேற ராட்டினத்துக்கு ஊதுதானுவ, நம்ம வில்லைதான் வெளிய தொங்குதேன்னு கெடந்தேன்."

"மாமா," என்றாள் பூங்கனி.

"செஞ்சது பெரிய தப்பு. சொன்னதும் பெரிய காரியம்தான். ரெண்டையும் கூட்டிக் கழிக்க எனக்குத் தெரியல. போ, ஈரத்த மாத்து."

இரண்டு மணிக்கு நீலச் சட்டைக்காரர்கள் ஐந்து காசுகளையும் கலங்கரை விளக்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பூங்கனி போய் நின்று அவர்களுக்குக் கை தட்டினாள். அவர்கள் நேர்மையாகத் தேடி எடுத்த காசுகள் அவை. குமரேசன் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். மகளோடு பேசவில்லை.

சாயங்காலம் வாசலில் ஊழியர்களின் பேருந்து நின்றது. ரிஸ்வானா ஏறுமுன் திரும்பி வந்தாள். உரிந்த உள்ளங்கைகளில் மருந்து தடவியிருந்தார்கள்.

"பாலத்துல நீ பிடிக்கலன்னா விழுந்திருப்பேன்," என்றாள். "ஆனா இன்னைக்கு என்ட்ட பேசாத. என்னால முடியல. நாளைக்குப் பேசு."

பூங்கனி தலையை மட்டும் ஆட்டினாள். பேருந்தில் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து, வீடு வரும்வரை ரிஸ்வானாவின் பின்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். உதட்டுக்கு வந்த சொல்லையெல்லாம் விழுங்கினாள்.

மறுநாள் ஊரே மகரத்தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அவள் விடிந்ததும் விடியாததுமாக எதிர்த்திசையில் நடந்து, ரிஸ்வானாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.