உறவினர் வெளியேறுக!

மேற்கு மலைக்குப் பின்னால் கதிரவன் இறங்கி, கிழக்கே தென்னந்தோப்புகளுக்கு மேல் முழுமதி தலை காட்டிய வேளையில், பொருநை நதி பாதி பொன்னும் பாதி வெள்ளியுமாகப் பளபளத்து ஓடிக்கொண்டிருந்தது. கரையோரத்து மருத மரங்களில் நாரைகள் இடம் பிடிக்கச் சண்டையிட்டன. மருதந்துறைக் கோட்டை மதில்களில் காவலர்கள் பந்தம் ஏற்றத் தொடங்கியிருந்தனர். தாழம்பூ மணத்தைச் சுமந்து வந்த காற்று, படித்துறையை அடுத்த பேரவை மண்டபத்தின் தூண்களுக்கிடையே புகுந்து புறப்பட்டது. அன்பு மிக்க வாசகர்களே! இப்படியொரு மாலையைக் கண்டு மகிழ அன்று மருதந்துறையில் ஒருவருக்கும் மனமில்லை. நாரைகளைவிட மோசமாக மனிதர்கள் மண்டபத்துக்குள் சண்டையிட்டுக் கொண்டிருந்தார்கள்.

வெண்குன்ற நாட்டில் நீதிபதிகளை அரசர் நியமிக்கும் வழக்கம் இல்லை. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுப்பார்கள். பெயர் வந்தவர்கள் ஓராண்டுக்கு அறங்கூறும் மன்றத்தில் அமர்வார்கள். மறுநாள் காலையில் புதிதாகக் குடவோலை எடுக்க வேண்டும். அதற்குள் அந்த முறையையே ஒழித்து, நீதிபதிகளை அரண்மனையே நியமிக்கலாம் என்று அமைச்சர் விழுப்பரையர் தீர்மானம் கொண்டு வந்திருந்தார். அரசரோ வடக்கே போர்முனையில் இருந்தார். அரண்மனை முத்திரை மோதிரம் அமைச்சரின் விரலில் இருந்தது. அரண்மனை நியமிக்கும் என்றால் உண்மையில் யார் நியமிப்பார் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

பெண்டிர் மாடத்தில் ஒரு தூணை இறுகப் பற்றிக்கொண்டு வரகுணை நின்றிருந்தாள். அவள் அவைத்தலைவர் நக்கன் புள்ளனாரின் ஒரே மகள். புதிய நீதிபதிகள் விசாரிக்கப் போகும் முதல் வழக்கு, துறைக்காவல் தளபதி குவாவனுடையது. சென்ற அமாவாசை இரவில் நதிக்கரையின் எச்சரிக்கைத் தீ அணைந்தது. இருட்டில் பகைவர் படகுகள் கரையேறி நெற்களஞ்சியத்தைக் கொளுத்திவிட்டுப் போயின. தீயை அணைத்தவன் குவாவன் என்பது குற்றச்சாட்டு. உறுதியானால் தலை போகும். ஆனால் வரகுணை தன் வீட்டு மேன்மாடத்திலிருந்து கண்ணாரக் கண்டிருந்தாள். குவாவனைக் கட்டிப் போட்டுவிட்டு, அந்தத் தீயின் மேல் ஆட்களை விட்டு மண்ணை வாரிக் கொட்டச் செய்தவர் விழுப்பரையர்! தீயின் கடைசி வெளிச்சம் அவர் முகத்தில் பட்டதைக் கண்ட வெளியார் அவளையன்றி வேறு எவருமில்லை.

முந்தின நாள் தந்தையிடம், "நான் ஒன்றைக் கண்டேன்" என்று தொடங்கினாள். அந்த நேர்மைக் கடல் இரு காதுகளையும் பொத்திக்கொண்டது! "யாரைக் கண்டாய் என்று என்னிடம் சொல்லாதே, மகளே. சாட்சியை மன்றம் கேட்கும் முன் நான் கேட்பது முறையல்ல. நாளை மறுநாள் நீதிபதிகளிடம் சொல்" என்றார். அத்தோடு நின்றிருக்கலாம். தன் மகள் சாட்சி சொல்லப் போகிறாள் என்று அமைச்சருக்கும் முறைப்படி அறிவித்துவிட்டு வந்தார். இந்த அவசரத் தீர்மானம் எங்கிருந்து முளைத்தது என்பது அந்த நல்ல மனிதர் ஒருவருக்குத்தான் உறைக்கவில்லை. வரகுணைக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

கீழே உப்பு வணிகர் தலைவர் ஏறனார் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார். "அவையோரே! குடத்துக்கு மாமன் மச்சான் கிடையாது!"

"மூளையும் கிடையாது!" என்றார் விழுப்பரையர். அவை சிரித்தது. "சென்ற ஆண்டு அந்தக் குடம் தந்த நீதிபதி ஒருவர் கள் மயக்கத்தில் வாய்க்கால் வழக்கை விசாரித்தாரே, மறந்துவிட்டீர்களா?"

"மறக்கவில்லை, அமைச்சரே! அந்தக் குடிகாரரை ஆண்டு முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நீங்கள் அமர்த்தும் நீதிபதியை வீட்டுக்கு அனுப்புவது யார்? அவர் உங்கள் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால், குடிமக்கள் எவர் முகத்தைப் பார்ப்பது?"

அப்போது புள்ளனார் எழுந்தார். அவை அடங்கியது.

"ஏறனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வாய்க்கால் வழக்கில் நிலமிழந்த உழவன் தூக்கிட்டுக் கொண்டான். அவனைக் கயிற்றிலிருந்து இறக்கியவன் நான். கற்றவர்கள் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அவன் இன்று உயிரோடு இருப்பான். நான் தீர்மானத்தை ஆதரிக்கிறேன்."

வரகுணை மாடத்திலிருந்து கீழே பார்த்தாள். மண்டபத்தின் வலப்புறம் முழுவதும் புள்ளனாரின் தம்பிமார், மைத்துனர்கள், அவர்களுடைய பிள்ளைகள். அவர் நின்ற பக்கம் அத்தனை பேரும் நிற்பார்கள். நாளைக் காலையில் விழுப்பரையர் அமர்த்திய நீதிபதியிடம் போய் விழுப்பரையரின் மேலேயே அவள் சாட்சி சொல்ல வேண்டும். சுவரிடம் சொல்லி அழலாம்!

படித்துறையில் குவாவனின் மாமன்மார் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தது அவள் கண்ணில் பட்டது. காலையில் அவை கூடியதுமே அவர்களை அமைச்சர் எழுப்பி அனுப்பிவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவனின் உறவினர், அவனை விசாரிக்கும் மன்றத்தைப் பற்றிய பேச்சில் கலந்துகொள்ளலாகாது என்ற பழைய விதியைக் காட்டி, "உறவினர் வெளியேறுக!" என்று அவர் முழங்கியதைப் புள்ளனாரும் ஏற்றுக்கொண்டார்.

உறவினர்!

அவள் குவாவனின் மனைவியானால் தந்தை உறவினர்; சிற்றப்பன்மார் உறவினர்; வலப்புறமே உறவினர்! ஆனால் கணவனுக்காக மனைவி சொல்லும் சாட்சி மன்றத்தில் செல்லாதே? நல்ல நீதிபதிகளைப் பெற்றுத் தந்துவிட்டு அவர்கள் முன்னால் ஊமையாக நிற்க வேண்டுமே? வாய் இருந்தால் கேட்கக் காதில்லை. காது கிடைத்தால் பேச வாயில்லை. தெய்வமே, எதைக் கொடுத்து எதை வாங்குவது?

அவர்களுக்குள் மணமும் இல்லை, மணப்பேச்சும் இல்லை என்பதை வாசகர்களிடம் மறைப்பானேன்? ஓராண்டாக அவள் துறைக்கு வரும்போதெல்லாம் அவன் காரணமில்லாமல் ஒரு படகுக் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவான். அவள் காரணமில்லாமல் பாதங்களை இரண்டாம் முறை கழுவுவாள். அவ்வளவுதான்.

"தீர்மானத்தை ஆதரிப்போர் எழுந்து..." என்று விழுப்பரையர் தொடங்கினார்.

"நிறுத்துங்கள்!"

அத்தனை முகங்களும் மாடத்தை நோக்கித் திரும்பின. "நான் தளபதி குவாவனின் மனைவி. என் தந்தையும் அவர் குடியினரும் இந்த அவையில் இருக்கலாகாது" என்றாள் வரகுணை. குரல் அவளுடையதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

புள்ளனாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. விழுப்பரையர் மட்டும் புன்னகை செய்தார். "நேற்று வரை கன்னியாயிருந்தவள் இன்று மனைவியா? கைதியை அழைத்து வாருங்கள். அவனே சொல்லட்டும்!"

விலங்கு ஒலிக்கக் குவாவன் படித்துறை வழியாக வந்தான். வெளியே அமர்ந்திருந்த மாமன்மாரைப் பார்த்தான், வலப்புறத்தைப் பார்த்தான், பிறகு மாடத்தை அண்ணாந்து பார்த்தான்.

"குவாவா, நன்றாக யோசித்துச் சொல்" என்றார் அமைச்சர், தேன் ஒழுக. "நாளை உனக்காகச் சாட்சி சொல்ல இருப்பவள் இவள் ஒருத்திதான். இவள் உன் மனைவியென்றால் அந்தச் சாட்சி செல்லாது. இல்லையென்று ஒரு சொல் சொல், போதும். இவள் உன் மனைவியா?"

'இல்லை' என்று சொல்லிவிடுவானோ என்று அவள் நடுங்கினாள். 'ஆம்' என்று சொல்லிவிடுவானோ என்று அதைவிட அதிகமாக நடுங்கினாள். பாவி, தன் கையாலேயே அவன் கழுத்தில் கத்தி வைத்துவிட்டோமோ?

குவாவன் நிமிர்ந்தான். "அமைச்சரே! என் மனைவியை அவள் இவள் என்று பேச வேண்டாம்."

மண்டபம் கலகலத்துப் போயிற்று. வரகுணை மாடப்படிகளில் தடுமாறி இறங்கி ஓடி வந்தாள். புள்ளனார் கைத்தடியை ஊன்றி எழுந்திருந்தார். அவருக்குப் பின்னால் வலப்புறம் முழுவதும் எழுந்தது. அவளைக் கடக்கும்போது புள்ளனார் நின்றார்.

"உண்மையைச் சொல், மகளே. எப்போது நடந்தது இந்த மணம்?"

"இப்போதுதான், தந்தையே."

தாலியில்லாத அவள் கழுத்தை அவர் பார்த்தார்.

"பொருநையின் மேல் ஆணை. நாளை அவர் தலை உருண்டால் உங்கள் மகள் கைம்பெண். வேறொருவர் மாலை இந்தக் கழுத்தில் விழாது" என்றாள் வரகுணை.

அவள் சொன்னது பொய் என்று அவைக்கு அறிவிக்க அவருக்கு ஒரு சொல் போதும். புள்ளனார் குவாவனைப் பார்த்தார். விழுப்பரையரை, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல, நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தார்.

உள்ளே ஏறனார் வாக்கெடுப்பைக் கோரினார். வெறிச்சோடிய வலப்புறத்தில் அமைச்சருக்காக எழுந்து நிற்க ஆளில்லை, தீர்மானம் தோற்றது. ஆரவாரத்துக்கு நடுவே வரகுணை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாளை குடம் நல்லவர்களைத் தரலாம். அந்த நல்லவர்களிடம் சொல்ல அவளிடம் இனி ஒன்றுமில்லை.

நிலா வெளிச்சத்தில் புள்ளனார் படித்துறையில் இறங்கிக் குவாவனின் மாமன்மாருக்கு முன்னால் போய் நின்றார்.

"சம்பந்திகளே, எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்" என்றார்.