இரண்டு வெளிச்சம் விழும் இடம்

அந்த இடத்தில் எந்த நிழலும் அவ்வளவு கறுப்பாக விழ முடியாது.

கடுகண்ணாவைக் கல்யாண மண்டபத்தில் பகல் இரண்டு மணிக்கே திரைச்சீலைகளை இழுத்து மூடி, சூடேறிய தூசியும் மல்லிகையும் கலந்து மணக்க, இரண்டு புரொஜெக்டர்கள் ஒரே அகலத் திரையில் மணமக்களின் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தன. இடப்பாதி சந்திரகுமாருடையது, வலப்பாதி யுகேஷுடையது. நடுவில் மூன்றடிக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அங்கே இரண்டையும் மங்கவைத்தால்தான் ஒட்டுத் தெரியாது. யாராவது குறுக்கே நின்றாலும், ஒன்று மறைப்பதை மற்றது நிரப்பிவிடும். இரண்டு மங்கல் நிழல்தான் விழும்.

இப்போது அங்கே கன்னங்கரேலென்று ஒரே ஆள்நிழல் நின்றது. குறுக்கே யாருமில்லை.

சந்திரகுமார் லென்ஸைத் துடைத்தான். போகவில்லை.

முனாப் முதலாளியிடம் அவனுக்குப் பதினொரு வருடம். யுகேஷுக்கு எட்டு மாதம். கண்டிக் கடைக்கு யார் பொறுப்பு என்பதை இன்றைய வேலையைப் பார்த்துச் சொல்வதாக முதலாளி சொல்லியிருந்தார்.

உள்ளே வந்த முதலாளி கண்ணைச் சுருக்கி நேரே நடுத்திரையைப் பார்த்தார். அந்தக் கறுப்பு அவர் கண்ணில் படவேயில்லை.

"யுகேஷ் கை வெச்சா ஒட்டு எங்கேன்டே தெரியல்ல. சந்திரகுமார், நீங்களும் பாத்துப் பழகுங்களே."

"அண்ணன் சொல்லிக் குடுத்ததுதான், முதலாளி" என்றான் யுகேஷ். மனதாரத்தான் சொன்னான். அதுதான் அதிகம் சுட்டது.

நிழல் ஒரு சாண் வளர்ந்தது.

சந்திரகுமார் யாரும் பார்க்காதபடி தன் புரொஜெக்டரை ஒரு விரலளவு நகர்த்தினான். மணப்பெண்ணின் நெற்றிப்பொட்டு இரண்டானது. நிழல் மட்டும் நகரவில்லை. பக்கவாட்டில் திரும்பியது.

"அண்ணே, உங்க பக்கம் லேசா அசைஞ்சிருச்சு. நா திரைகிட்ட நின்னு கை காட்டுறேன், நீங்க சரி பண்ணுங்க."

யுகேஷ் அந்த மூன்றடிக்குள் போய் நின்றான். இருபுறமும் இரண்டு மங்கல் நிழல்கள். நடுவில் அது.

வெளியே வா என்று சொன்னால் போதும். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரகுமார் சொல்லவில்லை.

அது கைகளைத் தூக்கியது.

யுகேஷ் இருமினான். கழுத்தைத் தடவினான். திரும்பினான். உதடு அசைந்தது. சத்தமில்லை. முதலாளி கதிரையைத் தள்ளிவிட்டு ஓடினார்.

சந்திரகுமாரும் ஓட நினைத்தான். முடியவில்லை. குனிந்து பார்த்தான். வெறுங்காற்றில் அவனுடைய இரு கைகளும் வளைந்து நின்றன. உள்ளங்கைகளுக்குள் ஏதோ வெதுவெதுப்பாய். மெத்தென்று. நரம்பு துடித்தது.

விரல்களை விரிக்கப் பார்த்தான்.

இன்னும் இறுகின.