முத்தம் பட்ட இடம்

தூத்துக்குடி பூச்சு நிலையத்தில் காலை ஆறு மணிக்கே வரிசை நின்றுவிடும். மூன்று வயது முடிந்த பிள்ளைகள், தோலில் பொன் பூசும் முதல் மெய்ப்படலத்துக்கு வந்தாக வேண்டும். அது இல்லாமல் வெளியே போனால் கால் மணி நேரத்தில் தோல் வெந்துவிடும். அதுவரை அவர்கள் வாழ்க்கை குளிர்வீட்டுக்குள்தான்.

அன்று பூச்சுக் கூண்டுக்குள் படுத்திருந்தவள் ஜெனிலா. கருவியை இயக்குபவள் அவளுடைய அம்மா எஸ்தர். நான் படலத்தை அளப்பவன். பொன் ஆவி ஒரு மூச்சு உள்ளே போகும். தோலில் ஓர் அணுத் தடிமனுக்கு ஒட்டும். மிச்சத்தைக் காற்று கழுவிக்கொண்டு போகும். இப்படி நாற்பது சுற்று. அதற்கு மேல் போனால் தோல் மூச்சு விடாது.

முதலில் பொன் தீவுதீவாகத்தான் முளைக்கும். தீவுகளுக்கிடையே மின்சாரம் பாயாது, மணிக்கட்டில் வைத்த மின்மானியின் முள் அசையாது. முப்பத்தோராம் சுற்றில் தீவுகள் ஒன்றோடொன்று கைகோத்தன, முள் துள்ளியது. பதினொரு வருடமாகப் பார்க்கிறேன், அந்த நொடியில் இன்னும் எனக்குப் புல்லரிக்கிறது. கண்ணுக்கே தெரியாத ஒன்று ஒரு பிள்ளையைச் சூரியனிடமிருந்து காப்பாற்றுகிறதே!

நாற்பது முடிந்ததும் ஒளிவரைபடம் எடுத்தேன். உடம்பெங்கும் பொன், இடது கன்னத்தில் மட்டும் ஓட்டை. பிசுக்கு இருக்கும் இடத்தில் படலம் ஒட்டாது. கழுவிய பிள்ளையை யாரும் தொடக்கூடாது என்ற சட்டமே அதனால்தான். அதைச் சொல்லிச் சொல்லி ஊரையே விரட்டுகிறவள் எஸ்தர். ஓட்டை உதட்டு வடிவில் இருந்தது.

"எக்கா, யாரு முத்தம் குடுத்தது?"

அவள் முகம் செத்துப்போனது. "நாந்தான் தம்பி. பயந்து அழுதா. என்னையறியாம குடுத்துட்டேன்."

"உரிச்சு எடுத்துருவோம். தோல் ஆற ஒரு வருஷம் ஆகும். பெறவு மறுபடி போட்டுக்கிடலாம்."

"இன்னும் ஒரு வருஷம் உள்ளேயே கெடக்கணுமா? கடலப் பாக்கணும்னு தெனமும் நச்சரிக்கா. வெளிய போனா நான் கை வச்சு மூடிக்கிடுதேன் தம்பி. எடுக்கவே மாட்டேன்."

சட்டப்படி நான் மறுத்திருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை. முத்திரை வைத்தேன்.

கதவு திறந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு, உள்ளங்கையை அந்தக் கன்னத்தில் அழுத்தியபடி எஸ்தர் வெயிலில் இறங்கினாள். நானும் கூடவே போனேன். கடலைக் கண்டதும் ஜெனிலா துள்ளினாள். கை ஒரு நொடி நழுவியது.

பிள்ளை திடுக்கிட்டுக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை.

"எம்மா, சூடா இருக்கு. யாரு தொட்டது?"

எஸ்தர் பதறிப்போய் மறுபடி மூடினாள். வரிசையில் நின்ற பெரியவர்களைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் மூன்று வயதில் பூச்சுப் போட்டுக்கொண்டவர்கள். வெயில் மேலே பட்டால் எப்படி இருக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது, எனக்கும்தான்.