பஞ்சு வைத்த மாத்திரை டப்பா

திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வெல்டர் தன் பழைய பூட்ஸுக்குள் கையை விட்டான். மாத்திரை டப்பாவைக் காணோம்.

பிழைக்க வந்த நாட்டில் அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது மருத்துவமனை நர்ஸ் ஒருத்திக்குத்தான் தெரியும். தினம் ஒரு மாத்திரை போட்டால் மற்றவர்களைப் போல வேலை செய்யலாம். விட்டால் கிருமி தலைதூக்கும். கம்பெனிக்குத் தெரிந்தாலோ, அடுத்த விமானத்தில் மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். ஆக, பறிகொடுத்தவனுக்குத் திருட்டு என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. என்ன கொடுமை பாருங்கள்!

வியாழன் காலை கழிவறைக்குள் ஒளிந்துகொண்டு நர்ஸுக்குப் போன் செய்தான்.

"மூணு நாளா என்னடா பண்ணிட்டிருந்தே?"

"தேடினேன்க்கா. யார்கிட்ட போய்க் கேக்கறது? லேபிளைக் கிழிச்சு, குலுங்காம இருக்கப் பஞ்சு வேற வெச்சு அடைச்சிருந்தேன். ஆரம்பத்துல தலை சுத்தி, கண்டகண்ட கனவெல்லாம் வந்தப்பக்கூட விடாம முழுங்கினேனே. இப்ப இப்படி ஆயிடுச்சே."

வேறு டப்பா கொடுக்கலாமென்றால் சரக்கு வந்து சேரவில்லை; மருந்துக் கிடங்கு காலி. நர்ஸுக்கு ரத்தம் கொதித்தது. காய்ச்சல் பார்க்கிற சாக்கில் தொழிலாளர் விடுதிக்குப் புறப்பட்டாள்.

ஊரில் பரவும் காய்ச்சல் தொற்றுக்குப் பயந்து விடுதியின் கேட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். வெளியாள் யாரும் வரவில்லை. திங்கள் மதியம் அறைகளுக்குக் கிருமி மருந்து தெளிக்க எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நிற்காதவர்கள் மூன்று பேர்: வெல்டருக்கு அடுத்த கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த தச்சன், அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோன சமையல்காரர், மருந்து தெளித்த சூப்பர்வைசர்.

டப்பாவைப் பற்றி வாயைத் திறந்தால் வெல்டரின் கதை முடிந்தது. அதனால் மூவரிடமும் அவள் ஒரே கேள்விகளைத்தான் கேட்டாள். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, தூக்கம் எப்படி?

தச்சன் கண்ணே மூடவில்லையாம். ஊரில் மனைவிக்கு இன்றோ நாளையோ பிரசவம். சமையல்காரர் படுத்தால் கட்டைதான், இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாராம்.

சூப்பர்வைசர் தன் அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தனக்கெல்லாம் தொற்று வரவே வராது என்று பெருமையடித்துக்கொண்டார்.

"தூக்கம்?"

"அதை ஏன் கேக்கறீங்க சிஸ்டர்? திங்கக்கிழமையிலேர்ந்து கண்ணை மூடினா சினிமா மாதிரி கனவு. எழுந்து நின்னா தலை கிறுகிறுங்குது."

"குடிப்பீங்களா?"

"தொட்டதே இல்லை."

நர்ஸ் கதவைச் சாத்தினாள். "டப்பாவை எடுங்க."

இனி அந்த ஆளுக்கு என்ன மரியாதை? முழித்தான்.

"நீங்க திருடின மாத்திரை புதுசா போடறவங்களுக்கு இப்படித்தான் செய்யும். தலை சுத்தும், கனவு வரும். இங்கே யார்கிட்ட கேட்டாலும் தூக்கம் வரலைன்னாங்க, இல்லைன்னா நல்லா வருதுன்னாங்க. கனவுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

அவன் மழுப்பிப் பார்த்தான், பிறகு எகிறினான். கேட்டில் வருகிற பார்சலையெல்லாம் பிரித்துப் பார்ப்பவன் அவன்தான்; மருத்துவமனையிலிருந்து வெல்டருக்கு மாத்திரை வந்தது அப்படித்தான் அவனுக்குத் தெரியும். தொற்று வராமல் தடுக்கும் மாத்திரையை மருத்துவமனை ரகசியமாகக் கொடுக்கிறது என்று ஊரே பேசுகிறதாம். அது ஒரு வெல்டருக்குக் கிடைக்கலாம், தனக்குக் கூடாதா என்றான். அது தொற்றுக்கான மாத்திரையே இல்லை என்றாள் நர்ஸ். சட்டென்று அவன் கண் இடுங்கியது.

"தொத்துக்கு இல்லைன்னா, அவனுக்கு என்ன வியாதி? கம்பெனிக்குச் சொல்லியாகணுமே."

"தாராளமா சொல்லுங்க. ரத்தத்தைச் சோதிச்சா அந்த மாத்திரை உங்க ரத்தத்துலதான் இருக்கும். மூணு நாளா முழுங்காத அவன் ரத்தத்துல தேடினாலும் கிடைக்காது. என்ன வியாதிக்கு முழுங்கினீங்கன்னு முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க."

அவன் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. மேசை இழுப்பறையிலிருந்து டப்பா வெளியே வந்தது.

தாழ்வாரத்தில் நடந்தபோது அது கலகலவென்று சத்தம் போட்டது. தடியன் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டிருக்கிறான். வெல்டரின் அறையில் தச்சன் விழித்துக்கொண்டு படுத்திருந்தான்.

நர்ஸ் வாசலிலேயே நின்றாள். திருடினவன் தன் அறையில் மின்விசிறிக் காற்று வாங்குகிறான். நோயாளிதான் பயந்து பயந்து மருந்து சாப்பிட வேண்டும். நாசமாய்ப் போக என்று முணுமுணுத்தபடி தன் பையிலிருந்து பஞ்சை எடுத்து டப்பாவுக்குள் திணித்தாள்.

காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். சத்தமில்லை. பிறகுதான் உள்ளே போனாள்.