ஹூவம்மாவின் வரி

அகர வரிசையில் அப்பரகெரெ ஊர்தான் முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் திரையின் உச்சியில் நின்றது, கடைசியில் வரவேண்டிய ஹூளிகொப்பா. சேஷகிரி ராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

மூன்று நாளாக விடாத மழை ஓட்டின் மேல் அறைந்துகொண்டிருந்தது. அணைக்காக ஊரை இழந்தவர்களுக்கு மாற்று நிலம் ஒதுக்கும் அலுவலகம் அது. நனைந்த கோப்புகளின் புழுங்கல் வாடையோடு மதியம் மூன்று மணிக்கே அறை இருண்டு கிடந்தது. ஐந்து மணிக்குள் பட்டியலை ஊர்வாரியாக வரிசைப்படுத்தி மேலதிகாரியிடம் கொடுத்தாக வேண்டும்.

முதல் வரியில் இருந்த பெயர் ஹூவம்மா. கைம்பெண். வயது அறுபத்தெட்டு.

அந்தப் பெயரைப் போன வருஷம் நீக்கியவரே ராவ்தான். அந்தக் கம்ப்யூட்டரில் 'டெலிட்' கொடுத்தால் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழும். பெயர் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். அப்புறம் 'பேக்' (pack) என்ற இன்னொரு கட்டளையைக் கொடுத்தால்தான் அடியோடு ஒழியும். அதை அவர் மறந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள்; இந்த மனிதர் ஒரு கிழவியையே குறிக்குள் மறைத்துவிட்டு, அவள் இடத்தில் மனைவி வைதேகியையும் மகள் சிந்தூராவையும் ஏற்றி, மேட்டில் நிலமும் வீடும் வாங்கிக்கொண்டார். போக்கிடமில்லாத ஹூவம்மா, அணை நிரம்பிய அன்று தன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

பியூன் பர்மப்பா காபியை வைத்தார். “என்ன ராயரே, மூஞ்சி வெளுத்துப்போச்சு? பொட்டிக்குள்ள பொண்டாட்டி வந்து நிக்கிறாங்களா?”

“சும்மா போய்யா.”

பெயருக்குப் பக்கத்தில் குறி அப்படியே இருந்தது. ராவ் 'பேக்' கொடுத்தார். இயந்திரம் முனகியது, நெடுநேரம். மறுபடி ஊர்வாரியாக வரிசைப்படுத்தினார். ஹூவம்மா. இப்போது குறி இல்லை.

வயதுப்படி வரிசைப்படுத்தினார். அவள்தான். குடும்ப எண்படி. அவள்தான். ஒவ்வொரு முறையும் புழுங்கல் வாடையை அமுக்கிக்கொண்டு ஆற்றுச் சேற்றின் நாற்றம் ஏறியது. காபியை வாயில் வைத்தார், சேறு. துப்பினார்.

இறந்த தேதிப்படி வரிசைப்படுத்த அவர் நினைக்கவே இல்லை. திரை தானாகவே அப்படி மாறியது.

ஹூவம்மாவுக்குத் தேதி இல்லை. அவள் செத்ததை யாரும் பதியவில்லை. அடுத்த வரி வைதேகி. தேதி இருந்தது. இன்றைய தேதி. அதற்கடுத்து சிந்தூரா. இன்றைய தேதி.

போனை எடுத்து வீட்டு எண்ணைச் சுழற்றினார். வைதேகியே எடுத்தாள்.

“என்னங்க, நானே கூப்பிடணும்னு இருந்தேன். யாரோ வயசான அம்மா வந்திருக்காங்க. தெப்பமா நனைஞ்சிருக்காங்க, பாவம். உங்க பேரைச் சொல்லித்தான் கேட்டாங்க.”

“வைதேகி, உள்ள விடாதே!”

“என்ன பேச்சு இது? வாசலுக்கு வந்தவங்களுக்கு வெல்லமும் தண்ணியும் கொடுக்காம இருக்க முடியுமா? உள்ளதான் உக்காந்திருக்காங்க. வெல்லம் எடுத்துக்கிட்டாங்க. தண்ணி வேணாமாம், போதும் போதும்னு குடிச்சாச்சாம்.”

“சிந்தூரா எங்கே? அவளைத் தூக்கிட்டு வெளிய ஓடு!”

“அவங்க மடியிலதான் இருக்கா. ஐயோ, இதென்னங்க... வீட்டுக்குள்ள ஏது இவ்ளோ தண்ணி...”

மேட்டு நிலம். தண்ணீர் ஏறாது என்றுதான் அதை வாங்கினார்.

ராவ் கத்தினார். மறுமுனையில் நாற்காலி விழுந்தது. மகள் ஒருமுறை “அப்பா” என்றாள். பிறகு குமிழிகள். பிறகு குமிழிகளும் இல்லை.

திரையில் சிந்தூராவுக்குக் கீழே புதிதாக ஒரு வரி திறந்தது. யாரும் தொடாத விசைகள் ஒவ்வொன்றாக அமுங்கின. சே. ஷ. கி. ரி. ஒவ்வொரு விசை எழும்பும்போதும் அதன் அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் கொப்பளித்து அவர் மடியில் வழிந்தது.