பட்டினி கிடந்த பல்லி

தட்டில் போட்ட புழுக்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. தவிட்டை உதறியபடி அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெளிந்துகொண்டிருந்தன. ஒரு சாண் தள்ளி, சூட்டு பல்பின் கீழிருந்த கல்லில், பல்லி அவற்றைப் பார்க்காமல் கிடந்தது. அது வாயைத் திறந்து இன்றைக்கு இருபத்திரண்டு நாள். ஆனால் மெலியவில்லை. வால் உதயகலாவின் பெருவிரல் பருமனுக்கு உப்பியிருந்தது. வயிறு கல்லின் இரண்டு பக்கமும் வழிந்திருந்தது.

மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட அந்தச் சிறுத்தைப் பல்லியை அவளுடைய கணவன் மயூரதன் கொழும்பில் வாங்கி வந்திருந்தான். வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமைகள் அதற்கு உண்டு. மனிதரைப் போல மெதுவாக மூடித் திறக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கட்டாருக்கு வேலைக்குப் போனபோது மயூரதன் பல்லியையும் தன் தகப்பன் கந்தப்புவையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். உரும்பிராய் வீட்டில் வெயில் அதிகம் விழுவது பின்னறையில். அதனால் பல்லியின் கண்ணாடிப் பெட்டிக்கு அங்கே, கந்தப்புவின் கட்டிலோடு ஒட்டிய மேசையில், இடம் கொடுத்தாள்.

கந்தப்புவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. இடது குதிக்காலில் ஒரு குழி விழுந்து, இரண்டு மாதமாக ஆறாமல், சீழும் நீருமாக வழிந்துகொண்டிருந்தது. அறைக்குள் நுழைந்தால் அழுகிய மீனும் டெற்றோலும் கலந்த வாடை தொண்டையில் வந்து ஒட்டும்; சோற்றைப் பிசையும்போதும் அது அவளுடைய விரல்களில் இருப்பதுபோலத் தோன்றும். அடுத்த கிளினிக்குக்குள் ஆறாவிட்டால் காலைக் கணுக்காலோடு வெட்டி எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து கிழவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

கிழமைக்கு ஒருமுறை புண் கட்ட வரும் தாதி ஸ்ரெல்லா அன்று பன்டேஜைப் பிரித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள்.

“நல்லாத் துப்பரவாக்கி வைச்சிருக்கிறியள். செத்த தசையெல்லாம் ஆர் வெட்டினது?”

“ஒருத்தரும் வெட்டேல்லை மிஸ். நீங்கள் கட்டினபடிதான் விட்டனான்.”

உதயகலா குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறத் தசை ஒரு துளியும் இல்லை. குழியின் உள்பக்கம் கழுவிய மாதுளை முத்தைப்போலச் சிவந்து பளபளத்தது. வாடையும் குறைந்திருந்தது. கந்தப்பு இருவரையும் பார்க்கவில்லை. அவர் பல்லியின் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பல்லி சாப்பிடாததைப் பற்றி மயூரதனோடு போனில் கதைத்தாள்.

“மெலியாட்டில் பயமில்லை கலா,” என்றான். “எண்டாலும் முட்டை மஞ்சளைக் கரைச்சு, ஊசி கழட்டின சிரிஞ்சாலை வாயுக்கை கொஞ்சம் விட்டுப் பாரும்.”

“என்னாலை அதைத் தொடேலாது.”

“ஒருக்கா மட்டும், ப்ளீஸ்.”

பிளாஸ்ரிக் கையுறை போட்டுக்கொண்டு அடுத்த நாள் காலையில் அதைத் தூக்கினாள். உறையினூடாகவும் அந்த உடம்பின் வெதுவெதுப்பு தெரிந்தது. நேற்றைய மாவைப் பிடித்ததுபோல விரல்கள் அமிழ்ந்தன. வயிற்றுத் தோலுக்குள் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஏதோ திரண்டிருந்தது. கொழுப்பாக்கும் என்று நினைத்தாள். சிரிஞ்சு நுனியால் வாயோரத்தை நெம்பினாள். வாய் சப்பென்று பிளந்தது. மஞ்சள்கரு உள்ளே போகவில்லை. நாக்கின் அடியில் ஏதோ அடைத்திருந்தது.

சாமணத்தால் கவ்வி இழுத்தாள். முதலில் வெள்ளை நூல் ஒன்று வந்தது. இழுக்க இழுக்க வந்தது. பன்டேஜ் நூல். அதன் முடிவில் சாம்பல் நிறத் துணுக்கு ஒன்று ஈரமாகத் தொங்கியது. அது எந்தப் புண்ணின் தசை என்று அறிய அவள் முகர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. பல்லியை மேசையிலேயே போட்டுவிட்டுக் கிணற்றடிவரை ஓடி, காலையில் குடித்த தேத்தண்ணீர் முழுவதையும் வாந்தியெடுத்தாள்.

திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தபோது பல்லி மீண்டும் கல்லில் கிடந்தது. மூடி சரியாகப் போடப்பட்டிருந்தது. மூடியின்மேல் எண்ணெய் பட்டதுபோல நான்கு விரல் அடையாளம் இருந்தது. மனித விரல்கள். கந்தப்பு போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வழமையாக அவள் முன்னறையில் ஒரு மணித்தியாலம் படுப்பாள். அன்று பாயை விரித்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு பின்னறைக் கதவடிக்கு வந்து நின்றாள். வெளியே வெயிலில் வெங்காயத் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்ப் இரைந்துகொண்டிருந்தது. அது நின்றது. பிறகுதான் உள்ளேயிருந்து வந்த சத்தம் கேட்டது. குழந்தை பால் குடிக்கும் சத்தம் போல. சின்னது. ஈரமானது.

கதவு இடுக்கால் பார்த்தாள்.

கந்தப்பு கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். பன்டேஜ் மடியில் கிடந்தது. இடது காலை வலது தொடையில் போட்டு, இரண்டு கையாலும் பல்லியைக் குதிக்காலோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அதன் நாக்கு குழியின் ஓரத்தை நக்கியது. பிறகு நிறுத்தியது. திரும்பியது. தலை அவளுடைய பக்கம் வந்தது. வாலைத் தூக்கி, பின்னங்கால்களால் தசையைக் கிளறிக் கிளறி, அது பின்பக்கமாகக் குழிக்குள் இறங்கியது. இமைகள் மெதுவாக மூடின.

“மெல்ல, மெல்ல,” என்றார் கந்தப்பு.

அவள் கத்தினாள். உள்ளே பாய்ந்து, கையுறையும் இல்லாமல் அதைப் பிடுங்கிப் பெட்டிக்குள் எறிந்தாள். உள்ளங்கையெல்லாம் வழுவழுப்பு. சேலையில் துடைத்தாள். போகவில்லை.

“என்ன மாமா இது? என்ன வேலை செய்யிறியள்?”

“காலை வெட்டப் போறாங்கள் பிள்ளை.” கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது. “உது நக்கினாப் பிறகுதான் நோகேல்லை. மயூரதனுக்குச் சொல்லாதை.”

பெட்டியை அவள் குசினிக்குப் பின்னால் விறகுக் கொட்டிலில் வைத்து, மூடியில் இரண்டு செங்கல் ஏற்றினாள். கையைச் சவர்க்காரம் போட்டு ஆறுமுறை கழுவினாள். மயூரதனுக்குப் போன் எடுத்தாள். அவன் ஹலோ சொல்லமுன் வெட்டினாள்.

அடுத்த கிழமை ஸ்ரெல்லா வந்து சிரித்தாள். குழி மூடியிருந்தது. மெல்லிய இளஞ்சிவப்புத் தோல். “நீர் தேங்கி வீங்கியிருக்கு போல, வத்திப்போடும்,” என்றுவிட்டுப் போனாள். உதயகலாவுக்கு அழுகை வந்தது. கால் தப்பிவிட்டது. அருவருப்பை விழுங்கிக்கொண்டு பல்லிக்குப் புழு போடப் போனாள்.

பல்லி வற்றியிருந்தது. வயிறு வெறும் பையாகத் தொங்கியது. போட்ட புழு எல்லாவற்றையும் அவள் கண்முன்னே அள்ளி விழுங்கியது.

அன்று பின்னேரம் போனில், பல்லி வற்றியதையும் முன்பு அதன் வயிற்றில் கண்டதையும் அவள் சொன்னதும் மயூரதன் சந்தோசமாகச் சிரித்தான்.

“வயித்துக்குள்ளை வெள்ளையா ரெண்டு தெரிஞ்சதோ? அப்ப உது பெட்டை! கடைக்காரன் ஏமாத்திப்போட்டான். முட்டை போடுறதுக்காகத்தான் சாப்பிடாமல் கிடந்திருக்கு. ரெண்டு முட்டை இருக்கும், பெட்டிக்குள்ளை தேடிப் பாரும்.”

“பெட்டிக்குள்ளை ஒண்டுமில்லை.”

“வடிவாப் பாரும். ஈரமும் சூடும் உள்ள குழிக்குள்ளைதான் போட்டு மூடும்.”

அவள் பின்னறைப் பக்கம் திரும்பினாள். போனைக் கீழே வைத்தாள். மயூரதன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

பின்னறை. மேற்கு யன்னலால் வெயில் நேராகக் கட்டிலில் விழுந்தது. கந்தப்பு காலை அந்த வெயிலில் நீட்டி வைத்திருந்தார். சூடு காட்டிக்கொண்டிருந்தார்.

“காலைக் காட்டுங்கோ மாமா.”

“நோகேல்லைப் பிள்ளை.”

“காட்டுங்கோ.”

குதிக்கால் தோல் எண்ணெய்க் கடதாசி போல ஒளி ஊடுருவும்படி இருந்தது. உள்ளே இரண்டு உருளைகள். பக்கத்தில் பக்கத்தில். வெள்ளை.

அவளுடைய கை தானாக அவர் உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தைத் தூக்கியது.

கணுக்காலில் இரண்டு. கெண்டைக்காலில் இரண்டு, இரண்டு, இரண்டு. தோலுக்குக் கீழே சோடி சோடியாக. முழங்கால் வரை. முழங்காலுக்கு மேலேயும்.

“கூப்பிடுறன்,” என்றாள். வாசலைப் பார்த்தாள். “ஸ்ரெல்லா மிஸ்ஸைக் கூப்பிடுறன்.”

“பொறு பிள்ளை.” கந்தப்பு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கை வெதுவெதுப்பாக, மெதுமெதுப்பாக இருந்தது. “இன்னும் கொஞ்ச நாள்தான். வெயில் மறைக்காமல் தள்ளி நில்லு.”

அவள் தள்ளி நின்றாள்.

வெயில் பட்டதும் குதிக்காலில் இருந்த உருளை ஒன்று மெல்லப் புரண்டது. பிறகு அதற்கு மேலே இருந்தது. பிறகு அதற்கும் மேலே.