நாம போலாம்

வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்ட பிறகுதான், மகளின் காலில் செருப்பு இல்லை என்பதை அவள் கவனித்தாள். வார் வைத்த நீலச் செருப்பு, கடையில் புரண்டு அழுது வாங்கியது. கோயில் வாசலில் கழற்றியதை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். சோற்றை மறந்தாலும் அதை மறக்கிற பிள்ளையா இது?

"செருப்பு எங்கடி?"

வாசல் கதவுக்கு இடப்பக்கம், சுவரை ஒட்டி மகள் நின்றுகொண்டிருந்தாள். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள் என்பதால்தான் வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர். இப்போது ஆணி அடித்த மாதிரி நின்றாள்.

பழைய கோயில்களை அளந்து வரைபடம் போடுவது அம்மாவின் வேலை. கணவர் வெளியூரில் இருந்தார், பள்ளிக்கும் விடுமுறை, அதனால் அன்று வாலுவையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். கருவறை வாசலின் இருபுறமும் துவாரபாலகர்கள் ஆளை மீறிய உயரத்தில் நின்றார்கள். நான்கு கைகள், கடைவாயில் கோரைப்பல், எச்சரிக்கிற பாவனையில் நிமிர்த்திய ஆள்காட்டி விரல். இடப்பக்கத்தவருக்கு மட்டும் ஒரு குதிகால் பீடத்தைத் தொடாமல், கிளம்பப் போகிறவரைப் போலச் சற்றே தூக்கியிருந்தது. குதிகாலுக்கு அடியில் அளவுநாடாவின் நுனியைக் கொடுத்துப் பார்த்தாள். உள்ளே போனது.

அந்தக் குதிகாலின் கதையை அர்ச்சகர்தான் சொன்னார். இவருக்குக் காவல் சலித்துவிட்டதாம். யாராவது இவரையும் சேர்த்துக் கூப்பிட்டால் போதும், கிளம்பிவிடுவாராம். ஆனால் காவல் காலியாக இருக்கக் கூடாது, பதிலுக்கு ஓர் ஆள் நின்றாக வேண்டும்.

"கெளம்பும்போது 'நாங்க போறோம்'னு சொல்லுங்கம்மா. 'நாம'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நாமன்னா அவரும் சேர்த்திதானே?"

கல்லுக்குமா இலக்கணம் தெரியும் என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில், எண்ணெய்ப் புகையும் வௌவால் நாற்றமும் மூச்சை அடைக்க, குனிந்து குனிந்து அளந்ததில் இடுப்பு கழன்றுவிடும் போலிருக்க, எங்கோ தூணுக்குத் தூண் ஓடி ஒளிந்து விளையாடும் மகளின் காலடிச் சத்தத்தைக் காதில் வாங்கியபடியே அவள் கருவிகளைப் பைக்குள் திணித்தாள். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. கருவறை வாசலில் நின்றுகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், தினமும் சொல்லிப் பழகிய வாய் சொல்லிவிட்டது.

"வாடி, நாம போலாம்."

ஒரு கை வந்து அவள் கைக்குள் புகுந்தது. சில்லென்று இருந்தது. கல்தரையில் உருண்டால் சில்லென்றுதானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஜீப்பில் மகள் மடியிலேயே தூங்கிப்போனாள். தொடை மரத்துப்போகிற கனம். தூங்குகிற பிள்ளை கனக்கத்தான் செய்யும். பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டதோ என்று டிரைவர்தான் வழிநெடுக முனகிக்கொண்டு வந்தார்.

இப்போது வீட்டுக்குள் அதே எண்ணெய்ப் புகை நாற்றம். அதே வௌவால் நாற்றம். தன் உடையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று முந்தானையை முகர்ந்து பார்த்தாள். அதில் வியர்வை மட்டும்தான் இருந்தது.

மகளின் முன்னால் மண்டியிட்டாள். பாதத்தைத் தொட்டாள். சொரசொரப்பாக இருந்தது. ஒரு குதிகால் தரையைத் தொடவில்லை.

"கண்ணு, கால் வலிக்குதா?"

மகள் சிரித்தாள். போன வாரம் விழுந்த முன்பல்லின் சந்து அப்படியே இருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் பிள்ளைதான். சந்தேகமே இல்லை.

சிரிப்பு இன்னும் விரிந்தது.

கடைவாயில், இரண்டு பக்கமும், வளைந்த பல்.

போன் அடித்தது. எடுத்தாள். அர்ச்சகர்.

"அம்மா, பாப்பா செருப்பு இங்கயே கெடக்கு. பாப்பா உங்ககூடத்தானே வந்தா?"

கோயிலுக்குள் யாருமில்லை, எல்லாத் தூணையும் பார்த்துவிட்டேன் என்றார். ஆனாலும் அழுகைச் சத்தம் கேட்கிறது, இடப்பக்கச் சிலையில் காதை வைத்தால் தெளிவாகக் கேட்கிறது என்றார்.

"தூக்கின கால் கீழ பதிஞ்சிருக்கும்மா. சீக்கிரம் வாங்க."

எழுந்தாள். போக வேண்டும். இப்போதே. கதவு நாலடி தூரத்தில்தான் இருந்தது.

கதவருகே அது நின்றது. மகளின் பூப்போட்ட கவுனில், மகளின் ரிப்பன் முடிச்சோடு. காவல் சலித்திருக்கலாம். ஆனால் அதற்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

ஓர் அடி வைத்தாள்.

அதன் தோளுக்குப் பின்னால், கவுனுக்குள், ஏதோ புடைத்தது. துணி கிழியும் சத்தம். இன்னொரு கை.

போன் நழுவித் தரையில் விழுந்தது. அர்ச்சகர் தன் போனைச் சிலையின் அருகே பிடித்திருக்க வேண்டும். கல்லுக்குள்ளிருந்து, மெல்ல, அழுது ஓய்ந்த குரல்.

"அம்மா... நாம போலாமா?"

கதவுக்கு முன்னால் அந்தச் சின்ன ஆள்காட்டி விரல், வேண்டாம் என்று, நிமிர்ந்தது.